முதுகில் எழுதிய பெயர்

பிரம்மதேசம்,
12.11.2025

வல்லரசு அவர்களுக்கு,

என் அண்ணன் செத்த சாவை நீங்கள் விற்றுக்கொண்டிருக்கிறீர்கள்.

நலமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். நீங்கள் நலமாக இருப்பதை விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பார்த்துவிட்டேன். இரண்டு மாடி உயரத்துக்கு, முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறீர்கள். முதுகில் மூன்றாம் எண். அதற்கு மேலே ‘ஆனந்த்’. காலடியில் ‘எல்லையில் விழுந்த நண்பனுக்காக’ என்று ஒரு வரி, அதற்கும் கீழே கட்டடக் கம்பி விளம்பரம். அந்தக் கம்பி கம்பெனிதான் உங்கள் ஃபுட்பால் கிளப்புக்கு ஸ்பான்ஸராம். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர், “நம்ம திண்டிவனத்து பக்கத்துப் புள்ளதான், மிலிட்டரில இருந்துட்டு வந்து பால் ஆடறான்” என்று பெருமையாகச் சொன்னார். நான் உங்கள் அத்தை மகள் என்று அவரிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

போனை நீங்கள் எடுப்பதில்லை. அதனால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புகிறேன், கையெழுத்துப் போட்டு வாங்கித்தான் ஆக வேண்டும். ஊர்க் கிளை அஞ்சலகத்தில் வேலை செய்பவளுக்கு இந்த ஒரு வசதியாவது இருக்கட்டும். இங்கே இப்போது பேங்க் நோட்டீசும் கோர்ட் சம்மனும்தான் வருகின்றன. கையால் கடிதம் எழுதி ஒட்டுகிறவள் நான் ஒருத்திதான்.

போன வாரம் உங்கள் கிளப்பிலிருந்து கேமராவோடு இரண்டு பேர் வந்தார்கள். கம்பி கம்பெனியின் திண்டிவனம் ஏஜெண்ட் அன்புச்செல்வன் கூட்டிவந்தார். நீங்களும் அண்ணனும் பந்து ஆடிய ஏரிக்குள் அம்மாவை நடக்கவிட வேண்டுமாம். ஏரியில் தண்ணீர் நிற்கிறது என்றேன். சரி, கரை மேலே நடக்கட்டும் என்றார்கள். அண்ணனின் படத்தை மார்பில் அணைத்துக்கொண்டு அம்மா நடந்தாள். “ஒரு வாட்டி கண்ண தொடச்சிக்கோங்கம்மா” என்றார்கள். துடைத்தாள். வெளிச்சம் சரியில்லை என்று மறுபடி நடக்கச் சொன்னார்கள். மறுபடியும் துடைத்தாள். அழுகை வரவில்லை, சும்மா துடைத்தாள். நான் கரைக்குக் கீழே நின்று பார்த்தேன்.

ஜனவரி பதினைந்து ராணுவ தினமாம். அன்றைய மேட்சில் வீரத்தாய் அஞ்சம்மாள் முதல் பந்தை உதைக்க வேண்டுமாம். அன்றைக்குப் பொங்கல் என்றேன். அதனால்தான் கூட்டம் வரும் என்றார் அன்புச்செல்வன்.

அண்ணன் எல்லையில் விழவில்லை. லாரி கவிழ்ந்து செத்தான். உடலோடு வந்த ஹவில்தார் தமிழ்மணிக்குக் கை கழுவத் தண்ணீர் ஊற்றினேன். அப்போது அவர் சொன்னார். நாலு வருஷமாக வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் மூடிக்கொண்டிருக்கவில்லை, அதுதான் வித்தியாசம்.

அம்மாவை அந்த மைதானத்தில் நிறுத்துவதற்கு முன்னால் இரண்டு காரியம் செய்யுங்கள். சட்டையிலிருந்து அவன் பெயரை எடுங்கள். அவன் எப்படிச் செத்தான் என்று அம்மாவிடம் உங்கள் வாயால் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கு. வெண்ணிலா


மங்களூரு,
24.11.2025

வெண்ணிலாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நலம். அத்தை, நீ, மாடு எல்லோரும் நலம் என்று நினைக்கிறேன்.

இங்கே மழை விட்டுவிட்டது. காலையில் ஓட்டம், பிறகு ஜிம், மத்தியானம் தூக்கம், சாயங்காலம் பந்து. சாப்பாடு பரவாயில்லை. எல்லாவற்றிலும் தேங்காய் போடுகிறார்கள். அணியில் எல்லோரும் என்னைவிடச் சின்னவர்கள், பட்டாளத்தான் என்ற அர்த்தத்தில் என்னை ஃபௌஜி என்று கூப்பிடுகிறார்கள். இருபத்தெட்டு வயதில் முதல் கான்ட்ராக்ட் வாங்கியவன் இந்த லீக்கில் நான்தானாம். கோச் சவுரிராயன் சார் சொல்வார். அவர் நம் விழுப்புரத்துக்காரர், ரெஜிமெண்டில் எங்களுக்குச் சுபேதாராக இருந்தவர். அவரால்தான் இங்கே வந்தேன்.

பெயர் என் கையில் இல்லை. சேர்ந்த அன்றைக்கு ஒரு பெண் மைக்கைப் பிடித்து, யாருக்காக ஆடுகிறீர்கள் என்று கேட்டாள். யாருக்காகவும் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனந்த் என்று சொன்னேன். அடுத்த வாரம் சட்டை வந்தது, பெயர் போட்டிருந்தது. போட்டுக்கொண்டேன். எல்லையில் விழுந்தவன் என்று நான் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

போன் எடுக்காததற்குக் கோபம் வேண்டாம். யாருடையதையும் எடுப்பதில்லை. அப்பா கூப்பிட்டாலும் எடுப்பதில்லை.

அத்தையிடம் சொல்ல என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அன்று தெருமுனையில் நடந்தது உனக்குத் தெரியும். நான் என்ன சொன்னேன் என்பது எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. சொன்னதும் பெட்டி நகர்ந்தது. அது ஞாபகம் இருக்கிறது.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் மல்லாட்டை கொடுத்தனுப்பு. இங்கே கிடைக்கிற வேர்க்கடலை ருசியாக இல்லை.

வல்லரசு


பிரம்மதேசம்,
3.12.2025

வல்லரசு அவர்களுக்கு,

மேலே ‘மாமா’ என்று எழுதி அடித்திருப்பது உங்கள் கண்ணில் படும். பேப்பரை மாற்றப் போவதில்லை.

உங்களுக்கு ஞாபகம் இல்லையென்றால் நான் சொல்கிறேன். ராணுவ வண்டி தெருமுனையில் நின்றது. நிறுத்தியவர் பெரிய வீட்டுத் தாண்டவராயன். விபத்தில் செத்தவனை உள்ளே கொண்டுவந்தால் தெருவில் அடுத்தடுத்து சாவு விழும், அதனால் முனையிலேயே வைத்து எடுத்துவிட வேண்டும் என்பது நம் தெருவின் சட்டம். மாலையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். “ஆக்சிடெண்டுனு டிவில சொன்னாங்களே. அப்படின்னா இங்கியே எறக்கிடுங்கப்பா, அஞ்சம்மா இங்க வந்து பாத்துக்கட்டும்.” அம்மா வீட்டு வாசலில் நின்றாள். மற்ற ராணுவக்காரர்களுக்குத் தமிழ் புரியவில்லை. தமிழ்மணி என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றார். நீங்கள் காதில் கட்டோடு வண்டியிலிருந்து இறங்கினீர்கள். “ஆக்சிடெண்ட் இல்ல. சண்டையில போனான். குண்டு பட்டுச்சி.” அவ்வளவுதான் சொன்னீர்கள். தாண்டவராயன் செருப்பைக் கழற்றினார். பெட்டி வீட்டுக்குள் வந்தது.

அம்மா அந்தப் பெட்டி மேல் படுத்துக்கிடந்தாள். யாரும் அவளை எழுப்பவில்லை. அவளுக்கு அதைக் கொடுத்தது நீங்கள். அதற்காக உங்களை நான் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறேன், உங்களுக்குத் தெரியாமல்.

பிறகு என்ன ஆயிற்று என்று பாருங்கள். அந்தப் பொய்யின் மேல் ஊர் நினைவு வளைவு கட்டியது. அதில் அண்ணனின் பெயரைவிடக் கட்டிக்கொடுத்தவர்களின் பெயர்கள் பெரிதாக இருக்கின்றன. ஒவ்வொரு சுதந்திர தினத்துக்கும் மேடையில் தாண்டவராயன் உட்காருகிறார், ‘மாவீரனின் உடலை எதிர்கொண்டு அழைத்தவர்’ என்று. எதிர்கொண்டு மறித்தவர்.

இதையெல்லாம்கூட நான் விழுங்கிவிட்டேன். புரட்டாசியில் நடந்ததைத்தான் விழுங்க முடியவில்லை. பம்ப் செட் மெக்கானிக் சக்கரபாணியை உங்களுக்குத் தெரியும், நம் தெருவில் கடைசி வீடு. அவன் பெண்டாட்டி கலைப்பிரியா, திண்டிவனம் பைபாஸில் ஷேர் ஆட்டோ மீது டிப்பர் ஏறி செத்துப்போனாள். உடலைத் தெருமுனையில் இறக்கச் சொன்னார்கள். மழை. தார்ப்பாய் கட்டி அதன் கீழே வைத்தார்கள். அவளுக்குப் பால் குடிக்கிற குழந்தை. சக்கரபாணி ஒவ்வொருவர் காலாக விழுந்தான், ஒரு நிமிஷம் அவளை வீட்டுக்குள் கொண்டுபோகட்டும் என்று. நான்தான் வாய் திறந்தேன். ஆனந்தராஜ் உடல் வந்ததே என்றேன். தாண்டவராயன் சிரித்தார்.

“ஆனந்தராஜ் சண்டையில செத்தவன்மா. இவ இன்னா சண்டைக்கா போனா? ஆக்சிடெண்டுக்கு ஞாயம் வேற.”

தார்ப்பாயில் தேங்கிய தண்ணீரைக் கம்பால் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். அவள் வீட்டுப் படியை மிதிக்காமல் போனாள். சக்கரபாணி குழந்தையைத் தூக்கிக்கொண்டு திண்டிவனத்தில் வாடகைக்குப் போய்விட்டான்.

விபத்தில் செத்த ஒருவன் இந்தத் தெருவுக்குள் வந்தான், வீட்டுக்குள் கிடந்தான், நாலு வருஷமாக ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் அந்தத் தார்ப்பாயைக் கட்டினோம். பெயரை எடுங்கள் என்று நான் கேட்பது ரோஷத்தால் இல்லை.

இன்னொன்று. உங்கள் மேட்சைப் போனில் பார்த்தேன். விசில் ஊதிய பிறகும் நீங்கள் பந்தை எடுத்துக்கொண்டு ஓடுகிறீர்கள். எல்லோரும் நின்றுவிட்டார்கள், நீங்கள் மட்டும் ஓடுகிறீர்கள். மஞ்சள் அட்டை காட்டினார்கள். சிப்பாய் நிற்க மாட்டான் என்று வர்ணனைக்காரர் புகழ்ந்தார். உங்கள் முகத்தைப் பார்த்தேன். அன்றைக்குக் காதில் இருந்த கட்டு ஞாபகம் வந்தது. உங்களுக்குக் காது கேட்கிறதா?

கு. வெண்ணிலா


மங்களூரு,
14.12.2025

அன்புள்ள வெண்ணிலாவுக்கு,

இடது காது கேட்பதில்லை. வலது கேட்கும். கூட்டம் கத்தினால் அதுவும் நிரம்பிவிடும்.

நீ கேட்டதால் எழுதுகிறேன். இதுவரை யாருக்கும் எழுதியதில்லை.

சண்டை இல்லை. எதிரி இல்லை. பக்கத்து யூனிட்டோடு கோப்பை மேட்ச். டீமை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மழையில் ரோட்டு ஓரம் இளகியிருந்தது. ஆனந்த் பந்துப் பையின் மேல் உட்கார்ந்து பூட்ஸுக்குக் கயிறு கோத்துக்கொண்டிருந்தான். ஒரு பூட்ஸுக்கு முடித்துவிட்டான். லாரி சாய்ந்தது. தகரம் கிழியும் ஒரு சத்தம். அதற்குப் பிறகு என் இடது காதில் வேறு சத்தம் வரவில்லை. நான் எழுந்தபோது பந்துகள் சரிவில் உருண்டுகொண்டிருந்தன. முதலில் போய் ஒரு பந்தை எடுத்தேன். ஏன் என்று தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் அவனைத் தேடினேன்.

மேட்சைத் தள்ளிவைத்திருந்தார்கள். ஊரில் அவனை எரித்துவிட்டுத் திரும்பியதும் நான் ஆடினேன். ஆடுகிறாயா என்று கேட்டார்கள், ஆடுகிறேன் என்றேன். அதுவரை நான் வலது பக்கம் ஆடியவன். இடது பக்கத்தில், லெஃப்ட் பேக் இடத்தில் ஆனந்த் ஆடுவான். மூன்றாம் எண் அவனுடையது. அந்த இடத்துக்குப் போனேன். அவன் மேலிருந்த பாசத்தால் போனேன் என்று எல்லோரும் சொல்கிறார்கள், கிளப்பும் அதைத்தான் எழுதியிருக்கிறது. அது இல்லை. லெஃப்ட் பேக்குக்கு இடது கைப் பக்கம் கோடுதான் இருக்கும், ஆள் இருக்க மாட்டான். கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் வலது பக்கம். செத்த காதைக் கோட்டுப் பக்கம் வைத்துக்கொண்டால் ஆடலாம். பின்னால் திரும்பி ஓடும்போது மட்டும் மாறிவிடும். அப்போது ஒன்றும் கேட்காது. நீ பார்த்தது அப்படி ஒரு சமயம்.

ராணுவம் என்னை மெடிக்கல் போர்டு வைத்து வீட்டுக்கு அனுப்பியது காதுக்காகத்தான். நானே விட்டுவிட்டு வந்ததாக ஊரில் நினைக்கிறார்கள். சவுரிராயன் சாருக்குத் தெரியும். கிளப்பில் இதயம் பார்த்தார்கள், முழங்கால் பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். காதை யாரும் பார்க்கவில்லை.

கோல் விழுந்தால் எல்லோரும் என் மேல் வந்து விழுகிறார்கள். கனம் தெரிகிறது. வேறு எதுவும் தெரிவதில்லை. இதைச் சொல்லி உன்னிடம் இரக்கம் கேட்கவில்லை. எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன்.

சக்கரபாணி பெண்டாட்டி விஷயம் எனக்குத் தெரியாது. அப்பா போனில் சொல்லக் கூப்பிட்டாரோ என்னவோ. அந்தக் குழந்தைக்கு என்ன பெயர்?

நீ சொல்வது சரி. அத்தை பொங்கலுக்கு வரட்டும். மேட்ச் ஆரம்பிக்கும் முன்னாலோ முடிந்த பிறகோ, நானே சொல்கிறேன். பெயரையும் எடுக்கச் சொல்லிப் பார்க்கிறேன்.

வல்லரசு


பிரம்மதேசம்,
5.1.2026

அன்புள்ள மாமாவுக்கு,

இந்த முறை அடிக்கவில்லை.

உங்கள் கடிதத்தை நான் அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. அவளிடம் சொல்ல வேண்டியவர் நீங்கள். ஒரு பூட்ஸுக்கு முடித்துவிட்டான் என்ற இடத்தைத் தாண்ட எனக்கு ரொம்ப நேரம் ஆயிற்று. அன்றைக்குத் தபால் பையைத் தப்பாகக் கட்டிவிட்டு, திண்டிவனத்திலிருந்து திட்டு வாங்கினேன்.

காதை ஒரு நல்ல டாக்டரிடம் காட்டுங்கள். கிளப் டாக்டர் வேண்டாம், வெளியே பாருங்கள். மெஷின் வைத்துக்கொண்டு ஆட முடியாதா? எனக்குத் தெரியாது, கேட்டுப் பாருங்கள்.

குழந்தையின் பெயர் மகிழினி. எழுந்து நிற்க ஆரம்பித்திருக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை திண்டிவனம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சக்கரபாணி டீ போட்டுக் கொடுத்தான், சர்க்கரை போட மறந்துவிட்டான். நானும் சொல்லாமல் குடித்துவிட்டு வந்தேன்.

அம்மா இப்போதே மூட்டை கட்டிவிடுவாள் போல. மல்லாட்டை உருண்டை பிடித்தாகிவிட்டது. கேப்பை மாவு வேறு எடுத்துவைத்திருக்கிறாள், ஹோட்டலில் எங்கே கிண்டுவது என்றால் கேட்பதில்லை. மெரூன் புடவை எடுத்துக் கொடுத்தேன். கிளப்பில் வெள்ளைப் புடவை கட்டச் சொல்லியிருக்கிறார்களாம், வெள்ளைதான் வீரத்தாய்க்கு எடுப்பாக இருக்குமாம். “எனக்கு இன்னாத்துக்குடி வெள்ள, அதான் உங்கப்பன் செத்தன்னிக்கே கட்டிட்டேனே” என்றாள். மெரூன்தான் கட்டப் போகிறாள். அன்புச்செல்வன் கூட வருகிறார். எனக்கு லீவு இல்லை, மாட்டையும் பார்க்க வேண்டும். விழுப்புரத்தில் மங்களூர் வண்டி ஏற்றிவிட்டு நான் திரும்பிவிடுவேன்.

அம்மா உங்களிடம் இன்னொன்றும் கேட்பாள் என்று தோன்றுகிறது. என்னைப் பற்றி. கேட்டால் உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ அதைச் சொல்லுங்கள். மரியாதைக்காக எதையும் சொல்ல வேண்டாம்.

அண்ணன் விஷயத்தை மட்டும் சொல்லிவிடுங்கள், மாமா. அவள் தாங்குவாள். தாங்காமல் போனால் நான் இருக்கிறேன்.

உங்கள்,
வெண்ணிலா


மங்களூரு,
17.1.2026

அன்புள்ள வெண்ணிலாவுக்கு,

அத்தை நல்லபடியாக வண்டி ஏறினார்கள். இந்தக் கடிதம் வருவதற்குள் ஊருக்கு வந்துவிட்டிருப்பார்கள்.

மெரூன் புடவை மேலே வெள்ளைச் சால்வை போர்த்திவிட்டார்கள். மைதானம் நிறைந்திருந்தது. பாண்டு வாசித்தார்கள். நான் சல்யூட் அடிக்க வேண்டும், அத்தை பக்கத்தில் நிற்க வேண்டும். என் முதுகும் அத்தை முகமும் ஒன்றாகத் தெரிய வேண்டும் என்று கேமராக்காரர் அத்தையை இடது பக்கம் நிறுத்தினார். சல்யூட்டில் நிற்கும்போது அத்தை ஏதோ சொன்னார்கள். உதடு அசைவது ஓரக்கண்ணில் தெரிந்தது. தலையாட்டினேன். பிறகு பந்தை உதைத்தார்கள். நன்றாகவே உதைத்தார்கள்.

இரண்டுக்கு ஒன்று ஜெயித்தோம்.

மேட்ச் முடிந்து அத்தையை ஹோட்டலுக்குக் கூட்டிப்போனேன். எதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். அன்புச்செல்வன் போன் பேச வெளியே போயிருந்தார். சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். வாயைத் திறந்தேன். சாம்பாரில் உப்பு போதுமா என்று கேட்டேன். போதும் என்றார்கள்.

உன்னைப் பற்றிக் கேட்டார்கள். சீசன் முடியட்டும் என்றேன்.

பெயர் விஷயம் கிளப்பில் பேசினேன். கடையில் அந்தச் சட்டைதான் அதிகம் போகிறதாம். அடுத்த வருஷத்துக்கும் என்னை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

உருண்டைகளை ரூமில் எல்லோருக்கும் கொடுத்தேன். நன்றாக இருக்கிறது என்றார்கள். நானும் சாப்பிட்டேன்.

வல்லரசு


பிரம்மதேசம்,
2.2.2026

மாமாவுக்கு,

மைதானத்தில் அம்மா உங்களிடம் சொன்னது இதுதான். “வல்லரசு, வண்டி கவுந்துதான செத்தான் எம் புள்ள? எனக்கு அன்னிக்கே தெரியும்டா. நீ ஆமான்னு ஒரு வார்த்த சொல்லு, போதும்.” நீங்கள் சல்யூட் அடித்துக்கொண்டு தலையாட்டினீர்களாம்.

அவளுக்கு அன்றைக்கே தெரியும். துப்பாக்கி சுட்ட உடம்பென்றால் ஊரே பார்க்கப் பெட்டியைத் திறந்து வைத்திருப்பார்களே என்று நினைத்தாளாம். தெரிந்தேதான் அந்தப் பெட்டி மேல் படுத்துக்கிடந்தாள். எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. ஒரே வீட்டில் நாலு வருஷம்.

மைதானத்தில் அவள் நின்றது உங்கள் இடது பக்கம். அதை நான் அம்மாவிடம் விளக்கிச் சொன்னேன், காது விஷயத்தையும் சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். “அய்யோ, புள்ளைக்குக் காது போயிடுச்சா” என்று அண்ணனுக்கு அழாத அழுகையை அழுதாள். ஆனால் ஹோட்டலில் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டீர்களே, அப்போது எந்தக் காது?

விஷயம் அதோடு முடிந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன்.

தை அமாவாசையன்று சக்கரபாணி குழந்தையோடு தன் வீட்டுக்கு வந்தான். பெண்டாட்டிக்கு அவள் சமைத்த அடுப்பில் படையல் போட வேண்டும் என்று. தெருமுனையில் தாண்டவராயன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வருஷம் திரும்பாமல் அந்த வீட்டைத் திறக்கக் கூடாதாம். சக்கரபாணி காய்கறிப் பையோடு நின்றான். அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவள், வாளியைப் போட்டுவிட்டுப் போனாள்.

“எம் புள்ளையும் வண்டி கவுந்துதான் செத்தான். இந்தத் தெரு வழியாதான் வந்தான். எங்கூட்டு நடுவுலதான் கெடந்தான். அதனால இந்தத் தெருவுல எவன் ஊட்டுல எழவு வுழுந்துச்சி, சொல்லு பாக்கலாம்.”

தாண்டவராயன் நாற்காலியை விட்டு அசையவில்லை. பொங்கலன்று உங்கள் மேட்சைப் பெரிய டிவியில் பார்த்தவர் அவர்.

“அஞ்சம்மா, புள்ளைய பறிகுடுத்தவ நீ, உன்ன ஒன்னும் சொல்லக்கூடாது. கூட இருந்தவன் வல்லரசு. சண்டையில போனான்னு அவன் வாயால சொன்னான், இன்னிக்கும் முதுகுல எழுதிக்கினு ஆடறான். அவனே இங்க வந்து இல்லன்னு சொல்லட்டும். நானே சக்கரபாணி ஊட்டுக்கு வந்து வெளக்கு ஏத்தறேன்.”

பிறகு சுற்றி நின்றவர்களைப் பார்த்து, பாவம், மங்களூர் போய்வந்ததிலிருந்து அதற்குப் புத்தி சரியில்லை என்றார். சிலர் சிரித்தார்கள். சக்கரபாணி திரும்பிப் போனான். காய்கறிப் பையை எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனான்.

இப்போது தெருவில் அம்மாவுக்குப் பெயர் பைத்தியம். பக்கத்து வீட்டு வளைகாப்புக்குக் கூப்பிடவில்லை. பால் வாங்க வருகிறவர்கள் வாசலோடு போகிறார்கள். அவள் கவலைப்படவில்லை. நான் படுகிறேன்.

தாண்டவராயன் சொன்னதில் ஒன்று மட்டும் உண்மை, கூட இருந்தவர் நீங்கள்தான். தமிழ்மணி எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. என் பேச்சையும் அம்மா பேச்சையும் இந்தத் தெரு எடுத்துக்கொள்ளாது, பெண்பிள்ளைப் பேச்சு. போனில் சொன்னால் மிரட்டிச் சொல்ல வைத்தோம் என்பார்கள். நீங்கள் நேரில் வந்தால் ஒரு வாக்கியத்தில் முடியும்.

பெயரை எடுங்கள் என்று கேட்டேனே, அதை விட்டுவிடுகிறேன். அம்மாவும் அதையே சொன்னாள். “அவன் பேர அவன் வெச்சிக்கட்டும், அவனுக்கும் வேற யாரு இருக்கறா.” வைத்துக்கொள்ளுங்கள். சட்டை விற்கட்டும். கிளப்பிடமும் கம்பி கம்பெனியிடமும் நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். எங்கள் தெருமுனையில் மட்டும் சொல்லுங்கள். ஒரு நாள் லீவு கேளுங்கள்.

வெண்ணிலா


பிரம்மதேசம்,
20.4.2026

வல்லரசு அவர்களுக்கு,

போன கடிதம் பிப்ரவரி ஆறாம் தேதி உங்களிடம் ஒப்படைக்கப்பட்டதாக இங்கே காட்டுகிறது. வாட்ச்மேன் இல்லை, நீங்களே வாங்கியிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு ஒரு சாதாரணத் தபாலும் போட்டேன். பதில் இல்லை. உங்கள் அப்பாவுக்கும் ஒன்றும் தெரியவில்லை.

சீசன் முடிந்துவிட்டதாகப் பேப்பரில் பார்த்தேன். அம்மா நீங்கள் சொன்னதை நம்பிக்கொண்டு, மங்களூர் வண்டி வரும் நாளெல்லாம் உங்களுக்கும் சேர்த்து உலை வைத்தாள். நான்தான் நிறுத்தச் சொன்னேன். என்னைப் பற்றி நீங்கள் எந்தப் பதிலும் சொல்ல வேண்டாம். அந்தப் பேச்சை நான் எடுத்துவிட்டேன்.

சக்கரபாணி வீட்டை விற்கப் போகிறான். தாண்டவராயன் மகன்தான் கேட்டிருக்கிறான். விபத்துச் சாவு விழுந்த வீடு என்று விலையைக் குறைத்துக் கேட்கிறானாம். செத்தவள் அந்த வீட்டுக்குள் வரவே இல்லை. இதைச் சொன்னால் யாருக்கும் சிரிப்புகூட வரவில்லை.

மகிழினி நடக்கிறாள். போன வாரம் அவன் வீட்டைக் காட்ட வந்தபோது, தெருமுனையிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டுதான் போனான். கீழே விட்டால் யாராவது எதையாவது சொல்வார்கள் என்று பயம்.

உங்களுக்கு ஒன்றும் தெரிவதில்லை, கனம் மட்டும் தெரிகிறது என்று எழுதியிருந்தீர்கள். நான் நம்புகிறேன். வந்து அழச் சொல்லவில்லை. எதையும் உணரச் சொல்லவில்லை. உணராமலேயே சொல்லலாம். அன்றைக்கும் அப்படித்தான் சொன்னீர்கள், பெட்டி நகர்ந்தது.

பத்திரம் எழுதுவதற்குள் வாருங்கள். தெருமுனையில் அவர் நாற்காலியில்தான் இருப்பார். நான் உங்கள் வலது பக்கம் நிற்கிறேன். ஆனந்தராஜ் எப்படிச் செத்தான் என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்பேன். லாரி கவிழ்ந்து செத்தான் என்று சொல்லுங்கள்.

கு. வெண்ணிலா